ஓரத்தில் நிற்கும் காபன்

உயர்தர இரசாயனவியல் வகுப்பில் காரீயத்தின் (கிரஃபைற்றின்) கட்டமைப்பைப் படிப்பிக்கும் எவரும் ஏறக்குறைய ஒரே படத்தைத்தான் வரைகிறோம். ஓர் அறுகோணம், அதை ஒட்டி இன்னும் சில அறுகோணங்கள். கரும்பலகையில் இடம் முடியும்போது படமும் முடிந்துவிடும். கடைசி வரிசை அணுக்களிலிருந்து சின்னச் சின்னக் கோடுகள் வெளியே நீட்டியபடி நிற்கும். "இப்படியே தொடரும்" என்று சொல்லிவிட்டு வைரத்துக்குப் போய்விடுவோம்.

வெள்ளவத்தையில் நான் எடுக்கும் மாலை வகுப்பில் ஒரு மாணவி அந்தக் கோடுகளைப் பற்றித்தான் கேட்டாள்.

"சேர், தொடராட்டி? கடைசிக் காபனுக்குப் பக்கத்தில ஒண்டும் இல்லையெண்டா அந்தப் பிணைப்பு எங்க போகும்?"

"ஐதரசன் வந்து பிடிக்கும் பிள்ளை. இல்லாட்டி ஒட்சிசன். சும்மா விட்டா அது நிக்காது."

"அப்ப அந்தக் காபனும் நடுவில இருக்கிற காபனும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாதே?"

நடந்துகொள்ளாது. அவள் கேட்டது கடந்த முப்பது வருடங்களாகப் பௌதிகவியலாளர்களும் இரசாயனவியலாளர்களும் சேர்ந்து மினக்கெடும் ஒரு விடயம். அந்தப் பிள்ளை பிறகு கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படித்து, இப்போது வெளிநாட்டில் ஆய்வு மாணவியாக இருக்கிறாள். காரீயத்தின் ஒற்றைப் படையான கிரஃபீனைப் பிளாஸ்மாவால், அதாவது மின்புலத்தால் அயனாக்கிய வாயுவால், அரித்து அதன் ஓரங்களைச் செதுக்குவதுதான் அவளுடைய வேலை. அவள் அனுப்பும் படங்களையும் குரல் பதிவுகளையும் தொடர்ந்து நானும் நிறைய வாசித்தேன். உயர்தரம் வரை விஞ்ஞானம் படித்த எவருக்கும் இதைத் தமிழில் விளங்கப்படுத்த முடியும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

முதலில் அளவுகள். கிரஃபீன் என்பது காரீயத்தின் ஒற்றைப் படை. ஒரே படைக்குள் அடுத்தடுத்த இரு காபன்களுக்கு இடையே 0.142 நனோமீற்றர், படைக்கும் படைக்கும் இடையே 0.335 நனோமீற்றர். படைகளைச் சேர்த்து வைத்திருக்கும் விசை வலுக்குறைந்தது. அதனால்தான் பென்சில் எழுதுகிறது. அதனால்தான் 2004இல் மன்செஸ்ரர் பல்கலைக்கழகத்தில் அந்திரே கைமும் கொன்ஸ்ரன்ரின் நோவோசெலோவும் ஒட்டுநாடாவால் உரித்து உரித்தே ஒற்றைப் படையைப் பிரித்தெடுத்தார்கள். 2010இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இது எல்லோரும் சொல்லும் கதை, நான் நீட்டவில்லை.

நான் பிள்ளைகளைச் செய்துபார்க்கச் சொல்லும் கணக்கு வேறு. 1 மில்லிமீற்றர் பக்கமுள்ள ஒரு சதுரக் கிரஃபீன் துண்டில் ஓரத்தில் நிற்கும் காபன் எத்தனைக்கு ஒன்று? அணுக்களின் இடைவெளிகளை வைத்துக் கணக்கிட்டால் ஏறக்குறைய 20 இலட்சத்துக்கு ஒன்று வரும். அப்படியானால் ஓரத்தைக் கணக்கில் எடுக்காமல் விடலாம். பாடப்புத்தகம் விடுவதும் நியாயம். இப்போது அதே கிரஃபீனை 5 நனோமீற்றர் அகலமுள்ள நாடாவாக வெட்டிக்கொள்ளுங்கள். இருபத்து மூன்றுக்கு ஒன்று ஓரத்தில் நிற்கிறது. இந்த அளவில், நாடா கடத்தியா குறைகடத்தியா, காந்தத்தன்மை காட்டுமா காட்டாதா என்பதை ஓரத்துக் காபன்கள்தான் தீர்மானிக்கத் தொடங்குகின்றன.

அந்த ஓரமும் ஒரே வகையானது அல்ல. ஒரு தாளில் அறுகோண வலையை வரைந்து வைத்துக்கொண்டு வாசித்தால் நல்லது. ஒரு திசையில் வலையை வெட்டினால் அணுக்கள் வெளியே ஒன்று உள்ளே ஒன்று என்று மாறி மாறி வரும். வெளியே நிற்கும் காபன் ஒவ்வொன்றும் தனியாள்; அடுத்த வெளிக்காபன் 0.246 நனோமீற்றர் தள்ளித்தான். இதைச் சிக்சாக் ஓரம் என்கிறார்கள். வலையை 30 பாகை திருப்பி வெட்டினால் வெளிக்காபன்கள் சோடி சோடியாக வரும். இரண்டு காபன் ஒன்றையொன்று பிடித்தபடி, பிறகு ஒரு பள்ளம், பிறகு மறுபடி இரண்டு. இது ஆம்செயார் ஓரம். இங்கே சோடியாக நிற்கும் இருவரும் தங்களிடம் மிஞ்சிய இலத்திரன்களைத் தங்களுக்குள்ளேயே பகிர்ந்து, மும்மைப் பிணைப்புக்குக் கிட்டிய ஒரு பிணைப்பை அமைத்துச் சமாளித்துக்கொள்ளலாம். சிக்சாக் ஓரத்துக் காபனுக்கு அந்த வசதி கிடையாது. பக்கத்து வெளிக்காபன் அதற்கு எட்டாத தூரத்தில் நிற்கிறது.

இன்னொரு வேறுபாடும் உண்டு, அதுதான் ஆழமானது. வலையிலுள்ள காபன்களைச் சிவப்பு, நீலம் என்று இரண்டு நிறத்தால் தீட்டுங்கள். ஒவ்வொரு சிவப்புக்கும் அயலவர் மூவரும் நீலமாக, ஒவ்வொரு நீலத்துக்கும் மூவரும் சிவப்பாக இருக்க வேண்டும். முழு வலையையும் இப்படிப் பிசகில்லாமல் தீட்டி முடிக்கலாம். இப்போது ஓரங்களைப் பாருங்கள். ஆம்செயார் சோடியில் ஒன்று சிவப்பு, மற்றது நீலம். சிக்சாக் ஓரத்திலோ வெளிக்காபன்கள் அத்தனையும் ஒரே நிறம். நாடாவின் எதிர்ப்பக்க ஓரத்தில் அத்தனையும் மற்ற நிறம்.

1996இல் ஜப்பானில் மிட்சுதக்கா புஜிதாவும் சகாக்களும் இந்தச் சமச்சீர்க் குலைவு என்ன செய்யும் என்று கணித்துப் பார்த்தார்கள். நீட்டி நிற்கும் சிக்மா பிணைப்புகளை ஐதரசனால் அடைத்த பிறகும், சிக்சாக் ஓரத்தில் பை இலத்திரன்களுக்கென்று ஒரு தனி நிலை உருவாகிறது. நாடாவின் நடுப்பகுதிக்குள் பரவாமல் அந்த இலத்திரன்கள் ஓரத்திலேயே தங்குகின்றன. ஓர் ஓரத்தில் அவற்றின் காந்தப் போக்கு (ஸ்பின்) எல்லாம் ஒரே பக்கம். எதிர் ஓரத்தில் எதிர்ப் பக்கம். 2006இல் அமெரிக்காவின் பேர்க்லியில் யங்-வூ சொன், மாவின் கோகன், ஸ்ரீவன் லூயி மூவரும் இதை மேலும் நீட்டினார்கள்: இப்படியான நாடாவுக்குக் குறுக்கே போதிய மின்புலத்தைக் கொடுத்தால், ஒரு காந்தப் போக்குள்ள இலத்திரன்களுக்கு அது உலோகமாகவும் மற்றப் போக்குள்ளவற்றுக்குக் காவலியாகவும் இருக்கும் என்றார்கள். இரும்பு இல்லை, நிக்கல் இல்லை, கோபாற்று இல்லை. வெறும் காபன், அதுவும் சரியான திசையில் வெட்டிய காரணத்தால் மட்டும் காந்தமாகிறது. இந்தத் துறையில் என்னை உட்கார வைத்த விடயம் இதுதான். வகுப்பில் இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும்.

ஓரம் உண்மையிலேயே சிக்சாக்காக இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். சிக்கலே அங்கேதான்.

2007இல் நியூயோர்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பிலிப் கிம்மின் குழு கிரஃபீனை நாடாக்களாக வெட்டி அளந்தது. செய்முறை எளிது. கிரஃபீன்மேல் நாடா வடிவில் ஒரு மறைப்பை இலத்திரன் கற்றையால் வரைந்தார்கள். மறைக்காத பகுதியை ஒட்சிசன் பிளாஸ்மாவால் எரித்து அகற்றினார்கள். 15 நனோமீற்றர் அகலத்துக்கு ஒடுங்கிய நாடாவில் 0.2 இலத்திரன்வோல்ற்று அளவில் சக்தி இடைவெளி, அதாவது மின்னோட்டத்துக்கு இலத்திரன்கள் தாண்டவேண்டிய இடைவெளி, தோன்றியது. அகலம் குறையக் குறைய இடைவெளி பெரிதாகியது. இந்த அளவில் கோட்பாட்டுக்கும் பரிசோதனைக்கும் பொருத்தம். ஆனால் நாடாக்களைப் பளிங்கின் வேறு வேறு திசைகளில் வெட்டிப் பார்த்தபோது ஒரு வேறுபாடும் தெரியவில்லை. எந்தப் பக்கம் வெட்டினாலும் ஒரே விடை. ஏனென்றால் அணு மட்டத்தில் ஓரங்கள் எல்லாமே கரடுமுரடு: சில அணுத்தூரம் சிக்சாக், சில அணுத்தூரம் ஆம்செயார், நடுவே கடித்தெடுத்த மாதிரி ஓட்டைகள், அங்குமிங்கும் ஒட்டிக்கொண்ட ஒட்சிசன்.

ஒட்சிசன் பிளாஸ்மா ஏன் இப்படிச் செய்கிறது என்று விளங்க, பிளாஸ்மாப் பாத்திரத்துக்குள் போய்ப் பார்க்க வேண்டும். பாத்திரத்திலிருந்து காற்றை இழுத்தெடுத்து, மிகத் தாழ்ந்த அமுக்கத்தில் வாயுவை விடுகிறார்கள். வானொலி மீடிறனில், வழமையாக 13.56 மெகாஹேட்சில், மின்புலம் கொடுக்கப்படுகிறது. வாயுவிலுள்ள சில சுயாதீன இலத்திரன்கள் அந்தப் புலத்தில் ஆடி வேகமெடுத்து மூலக்கூறுகளை மோதி உடைக்கின்றன. உடைவதில் இரண்டு வகை விளைபொருள்கள் நமக்கு முக்கியம். ஒன்று, ஏற்றமுள்ள அயன். மற்றது, ஏற்றமில்லாத ஆனால் மிகுந்த தாக்குதிறனுள்ள மூலிகம் (radical), சோடி சேராத இலத்திரனுள்ள துண்டு. வாயு பெரிதாகச் சூடேறாது. இலத்திரன்கள் மட்டும் பல்லாயிரம் பாகைக்குரிய வேகத்தில் திரியும்.

இலத்திரன் இலேசானது, அதனால் சுவரையும் மாதிரியையும் முந்திப் போய்ச் சேரும். அதன் விளைவாகப் பிளாஸ்மா சுற்றியுள்ள பரப்புகளைவிட நேர் மின்னழுத்தத்தில் நிற்கும். பரப்பை ஒட்டிய ஒரு மெல்லிய உறையில் மின்புலம் ஏறும். அந்தப் புலத்தில் நேர் அயன்கள் மாதிரியை நோக்கிச் செங்குத்தாக விழும். மூலிகங்களுக்கு ஏற்றம் கிடையாது. அவை எந்தத் திசையிலும் அலைந்து வந்து சேரும்.

1979இல் ஐபிஎம் ஆய்வுகூடத்தில் ஜோன் கோபேர்னும் ஹரல்ட் வின்ரர்சும் செய்த ஒரு பரிசோதனை இந்தத் துறையின் அத்திவாரம். சிலிக்கன்மேல் செனன் இருபுளோரைட்டு வாயுவை மட்டும் விட்டார்கள். அரிப்பு மெதுவாக இருந்தது. ஆகன் அயன் கற்றையை மட்டும் விட்டார்கள்; அதுவும் மெதுவு. இரண்டையும் சேர்த்து விட்டபோது அரிப்பு வேகம் இரண்டின் கூட்டுத்தொகையைவிடப் பல மடங்கு எகிறியது. அயன் அடித்துக் கொடுக்க, வாயு தாக்கம் புரிந்து கொண்டுபோகிறது. அயன் செங்குத்தாக வருவதால் குழியும் செங்குத்தாக இறங்குகிறது. கையிலிருக்கும் கைத்தொலைபேசியின் சிப்பில் உள்ள செங்குத்துச் சுவர்கள் எல்லாம் இப்படி வெட்டப்பட்டவை.

ஆனால் கிரஃபீனுக்கு ஆழமே கிடையாதே. ஓர் அணுத் தடிப்பு. செங்குத்தாக வந்து விழும் அயனுக்கு இறங்குவதற்குச் சுவர் இல்லை. அது செய்யக்கூடியது காபனைத் தட்டி எறிவது மட்டும்தான். தாளின் நடுவிலிருந்து ஒரு காபனைத் தட்டி எறிய ஏறக்குறைய 20 இலத்திரன்வோல்ற்று அதற்குக் கிடைத்தால் போதும். இங்கே உயர்தரப் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகள் ஒரு மோதல் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நேருக்கு நேர் மீள்தன்மை மோதலில், திணிவு 16 உள்ள ஒட்சிசன் திணிவு 12 உள்ள காபனுக்குத் தன் சக்தியில் 98 சதவீதத்தைக் கொடுத்துவிடும். திணிவு 1 உள்ள ஐதரசனால் 28 சதவீதம்தான் கொடுக்க முடியும். உந்தக் காப்பு விதியும் சக்திக் காப்பு விதியும் தெரிந்தால் போதும், எந்த வாயு முரடு, எந்த வாயு மென்மை என்று தாளிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

இரசாயனப் பக்கத்திலும் அதே கதை. மூலிகத் தாக்கங்களில் ஒரு பொது ஒழுங்கு உண்டு: தாக்குதிறன் கூடக் கூடத் தெரிவுசெய்யும் தன்மை குறையும். அற்கேன்களில் குளோரீன் மூலிகம் கண்ட ஐதரசனையெல்லாம் பறிக்கும். புரோமீன் மூலிகம் எளிதில் விடுபடக்கூடியதைத் தேடித்தான் பறிக்கும். கிரஃபீனின் ஓரத்துக்கு வரும் ஒட்சிசன் அணு குளோரீனின் பக்கம். எந்தக் காபனைச் சந்தித்தாலும் பிடித்துக் காபனோரொட்சைட்டாகவோ காபனீரொட்சைட்டாகவோ கொண்டுபோய்விடும். சிக்சாக் என்றும் ஆம்செயார் என்றும் அது வித்தியாசம் பார்ப்பதில்லை.

2010இல் இதற்கு வழி பிறந்தது. அந்த ஒரே வருடத்தில் இரண்டு குழுக்கள் ஐதரசன் பிளாஸ்மாவைக் கையிலெடுத்தன. ஸ்ரான்ஃபோட்டில் ஹொங்ஜி டாயின் குழு, மாதிரியை 300 பாகை செல்சியசில் வைத்து ஐதரசன் பிளாஸ்மாவைக் காட்டியது. தாளின் நடுப்பகுதி அப்படியே இருக்க, ஓரம் மட்டும் உள்வாங்கியது. ஒற்றைப் படையில் அந்த வேகம் நிமிடத்துக்கு 0.27 நனோமீற்றர். சிக்சாக் வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் இடைத்தூரம் 0.213 நனோமீற்றர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த எண்ணைப் பாருங்கள். நிமிடத்துக்கு ஏறத்தாழ ஓர் அணு வரிசை! இப்படி ஒடுக்கி ஒடுக்கி 5 நனோமீற்றருக்கும் குறைந்த நாடாக்களை எடுத்து, அறை வெப்பநிலையில் திறந்து மூடக்கூடிய திரான்சிஸ்ரர் செய்து காட்டினார்கள்.

வெப்பநிலை இங்கே சும்மா ஒரு விவரம் அல்ல. அறை வெப்பநிலையில் ஐதரசன் அணு தாளின் நடுவிலும் ஒட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிடும். சூடாக்கினால் நடுவில் ஒட்டியது கழன்று போய்விடும். ஓரத்தில் ஒட்டியதோ போகாது. ஒன்றன்பின் ஒன்றாக ஐதரசன் சேரச் சேர, அந்தக் காபன் தாளோடு உள்ள பிணைப்புகளை விட்டு மெதேனாகப் பறந்துவிடும். சூடு அளவு கடந்தால் நடுவிலும் காயம் விழும். ஸ்ரான்ஃபோட் குழுவின் கருவியில் 500 பாகையில் அது நடந்தது. ஒவ்வொரு கருவிக்கும் அதற்கேயுரிய ஒரு வெப்பநிலைச் சாளரம் உண்டு; அதைக் கண்டுபிடிப்பதில்தான் ஓர் ஆய்வு மாணவரின் முதல் வருடம் போகும் என்று நினைக்கிறேன்.

மற்றக் குழு பெய்ஜிங்கில், குவாங்யூ சாங்கின் தலைமையில். அவர்கள் கண்டதுதான் எனக்கு இன்னும் அழகானது. ஐதரசன் பிளாஸ்மாவில், 450 பாகைக்கு அண்மையில் அரிப்பு வேகம் உச்சமடைய, தாளில் தோன்றிய ஓட்டைகள் வட்டமாக இல்லாமல் ஒழுங்கான அறுகோணங்களாக விரிந்தன. ஆறு பக்கமும் சிக்சாக் திசை.

வெள்ளவத்தைப் புடவைக்கடைகளில் துணி அளந்து கொடுப்பவரைப் பார்த்திருப்பீர்கள். கரையில் கத்தரியால் ஒரு சின்ன வெட்டு. பிறகு இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுவை. கிழிசல் நூல் வழியே நேராகப் போய் முடியும். கத்தரியால் முழுவதையும் வெட்டினால் அவ்வளவு நேர் வராது. ஐதரசன் பிளாஸ்மா செய்வதும் இந்த வகைதான், வெட்டும் திசையை வெட்டப்படும் பொருளே தீர்மானிக்கிறது. ஒப்புமை அதற்குமேல் போகாது. இங்கே இழுப்பவர் யாரும் இல்லை. இருப்பது தாக்க வேக வேறுபாடு. ஆம்செயார் ஓரம் விரைவாக அரிபடும், சிக்சாக் ஓரம் மெதுவாக. ஓர் ஓட்டை உள்ளிருந்து வெளியே பெருக்கும்போது, விரைவாக அரிபடும் ஓரங்கள் ஓடி ஓடித் தங்களையே இல்லாமலாக்கிக்கொள்ளும். மெதுவானவைதான் எஞ்சி நின்று வடிவத்தைக் கொடுக்கும். ஆகவே அறுகோணம். தனித் தீவாக நிற்கும் கிரஃபீன் துண்டை வெளியிலிருந்து அரித்தால் நியாயம் தலைகீழ்: அங்கே விரைவானவைதான் வெளியே தெரியும். சிக்சாக் ஓரம் வேண்டுமென்றால் ஓட்டையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்ற பாடம் இதிலிருந்து வந்தது.

மாணவி அனுப்பிய ஒரு படம் என் தொலைபேசியில் இருக்கிறது. பரப்பை ஒரு நுண்முனையால் தடவிப் பார்க்கும் அணுவிசை நுணுக்குக்காட்டியால் எடுத்த காரீயப் பரப்பு. மங்கலான பழுப்பு நிறத்தில் சமதளம். அதில் கருமையான அறுகோணக் குழிகள். சில பெரிது, சில மிகச் சிறிது. ஒவ்வொன்றும் ஒரு படை ஆழம், அதாவது 0.335 நனோமீற்றர். இரண்டு குழிகள் வளர்ந்து முட்டிக்கொண்ட இடத்தில் நடுச்சுவர் மறைந்து, எட்டுப் பத்து மூலைகளுடன் ஒரு பெரிய குழி. அதன் மூலைகளும் 120 பாகைக்கணக்கை விடவில்லை. கூடவே ஒரு குரல் பதிவு: "சேர், எல்லாம் ஒரே பக்கம் பாக்குது, பாருங்கோ." உண்மைதான். படத்தின் ஒரு மூலையிலுள்ள குழியின் பக்கத்துக்கு அடிமட்டம் வைத்து நகர்த்தினால், மற்ற மூலையிலுள்ள குழியின் பக்கத்தோடு சமாந்தரமாகப் பொருந்தும். அந்தப் பரப்பு முழுவதும் ஒரே பளிங்கு என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சியை நான் கண்டதில்லை.

2017இல் சுவிற்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகக் குழு இதைப் பொறுமையாகத் துருவி ஆராய்ந்தது. நீண்ட குவாட்சுக் குழாயின் ஒரு பகுதியில் பிளாஸ்மா ஒளிரும்; மாதிரியை அந்த ஒளிர்விலிருந்து தள்ளி, உலைக்குள் வைத்தார்கள். வரும் வழியில் அயன்கள் இலத்திரனைப் பிடித்து ஏற்றம் இழந்துவிடுகின்றன. ஐதரசன் அணுக்கள் பெரும்பாலும் தப்பி வந்து சேருகின்றன. ஒளிர்வுக்குள் வைத்த மாதிரியில் புதிது புதிதாகக் குழிகள் விழுந்தன. தள்ளி வைத்ததில், ஏற்கெனவே இருந்த குறைபாடுகளும் ஓரங்களும் மட்டும் மெதுவாக அறுகோணமாக விரிந்தன. அயனைக் கழித்துவிட்டு மூலிகத்தை மட்டும் வேலைக்கு வைத்தால் பளிங்கு தன் விருப்பப்படி வெட்டுப்படும் என்பது இதில் துலக்கமாகத் தெரிந்தது.

அவர்கள் காட்டிய இன்னொன்றும் முக்கியம். ஒற்றைப் படைக் கிரஃபீனை வழமையான சிலிக்கனீரொட்சைட்டின்மேல் வைத்தால் குழிகள் வட்டமாகவே வந்தன. அறுகோணப் போரன் நைத்திரைட்டின்மேல் வைத்தால் அறுகோணம் வந்தது. கிரஃபீன் அதே கிரஃபீன், பிளாஸ்மாவும் அதே பிளாஸ்மா. மேடுபள்ளமும் சிதறிய ஏற்றங்களும் உள்ள தரையில் ஓரணுத் தாளின் நடத்தை மாறிவிடுகிறது. போரன் நைத்திரைட்டு அணு மட்டத்தில் சமதளம். இதை வாசித்தபோது, ஒரு பதார்த்தத்தின் இரசாயனத்தை அது கிடக்கும் இடத்தைச் சொல்லாமல் படிப்பிக்கிறோமே என்று தோன்றியது.

ஓரம் சரியாக வந்ததா என்று எப்படி உறுதிப்படுத்துவது? அணுவிசைப் படத்தில் நேராகத் தெரிந்தால் மட்டும் போதாது. அதன் முனை ஓரணுப் பற்களை விலக்கிக் காட்டாது. இங்கே உதவுவது, 1928இல் கல்கத்தாவில் சி. வி. ராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் கண்டறிந்த ஒளிச்சிதறல். கிரஃபீனின் ராமன் நிறமாலையில் 1350 அலையெண்ணுக்கு அருகில் ஒரு கோடு குறைபாடு இருந்தால்தான் தோன்றும். ஓரமும் ஒரு குறைபாடுதான். ஆனால் 2004இல் பிரேசிலின் லூயிஸ் கான்சாடோவும் சகாக்களும் காட்டியபடி, அந்தக் கோடு ஆம்செயார் ஓரத்தில் பலமாகவும் சிக்சாக் ஓரத்தில் மிக வலுக்குறைந்தும் வரும். உந்தக் கணக்கு சிக்சாக் ஓரத்தில் ஒத்துவராததே காரணம். ஆகவே அறுகோணக் குழியின் பக்கத்தில் லேசரை வைத்து அந்தக் கோடு எழும்புகிறதா என்று பார்க்கிறார்கள். பார்வைக்கு நூல் பிடித்தாற்போல் நேரான பக்கங்களிலும் சிலவேளை எழும்புகிறது. அணு மட்டத்தில் இடையிடையே ஆம்செயார்த் துண்டுகள் ஒளிந்திருக்கின்றன என்று அர்த்தம். பளிங்கின் திசை ஒன்று, அந்தத் திசையின் ஒவ்வொரு அணுவும் ஒழுங்காக நிற்பது இன்னொன்று. இந்த இரண்டையும் ஒன்றாக்கி எழுதும் செய்திக் கட்டுரைகள் என்னைச் சினமூட்டும்.

கொழும்பிலிருந்து எழுதும்போது காரீயத்தைப் பற்றிப் பேசாமல் விடவும் முடியாது. பூமிக்குள் நரம்பு நரம்பாக ஓடும், 95 முதல் 99 சதவீதம் வரை தூய காபனாகவே வெட்டியெடுக்கக்கூடிய காரீயம் வணிக அளவில் கிடைப்பது இலங்கையில்தான். கேகாலையின் போகலையும் குருநாகலின் கஹட்டகஹவும் இன்னும் இயங்கும் சுரங்கங்கள். பிரித்தானியர் காலத்தில் அந்தக் கட்டிகள் கொழும்புக் கிட்டங்கிகளுக்கு வரும், பெண்கள் கையால் தரம் பிரிப்பார்கள், பீப்பாக்களில் கப்பலேறும். உலோகம் உருக்கும் மூசைகள் செய்ய லண்டன் பற்றர்சீயில் மோர்கன் தொழிற்சாலைக்குப் போன சரக்கு அது. முதல் உலகப் போர்க்காலத்தில் ஏற்றுமதி உச்சத்துக்குப் போய், பிறகு விழுந்தது.

இப்போது ஹோமாகமையிலுள்ள நனோத் தொழில்நுட்ப நிறுவனமான ஸ்லின்டெக் நம் காரீயத்திலிருந்து கிரஃபீன் ஒட்சைட்டு எடுக்கும் வேலையில் ஈடுபட்டிருக்கிறது. அது இரசாயன வழி: ஒட்சியேற்றிப் படைகளைப் பிரிப்பது. கிடைப்பது தூள் அல்லது கரைசல். பூச்சுக்கும் கலவைப் பொருளுக்கும் மின்கலத்துக்கும் அது பயன்படும், நல்ல வேலை. ஆனால் அதில் ஓரம் எந்தத் திசையில் நிற்கிறது என்று யாரும் கேட்பதில்லை, கேட்கத் தேவையும் இல்லை. நான் ஆசைப்படுவது அதன் பக்கத்தில் இன்னொன்று. குவாட்சுக் குழாய், உலை, வெற்றிடப் பம்பி, வானொலி மீடிறன் வழங்கி, கவனமாகக் கையாளும் ஐதரசன் சிலிண்டர். இவற்றுக்குச் சிப் தொழிற்சாலைக்குரிய முதலீடு வேண்டாம், ஒரு பல்கலைக்கழகத் துறையின் கைக்குள் அடங்கக்கூடியவை. கஹட்டகஹக் காரீயத்தின் ஒரு பளபளப்பான கட்டியை ஒட்டுநாடாவால் உரித்து, புதுப் பரப்பை ஐதரசன் பிளாஸ்மாவில் வைத்து, அறுகோணங்கள் விழுகின்றனவா என்று பார்ப்பதை இளமாணி மாணவர்கள் தங்கள் இறுதி வருட ஆய்வாகச் செய்யலாம். நூறு வருடத்துக்கு மேலாகத் தொன் கணக்கில் விற்ற பொருளின் அணு வரிசையை நம் பிள்ளைகள் இந்த நாட்டிலேயே பார்த்துவிட வேண்டும் என்பது என் உண்மையான விருப்பம்.

இனி ஒரு கேள்விதான் மிச்சம். அரித்து எடுப்பதைவிட, அணு அணுவாகக் கட்டியெழுப்பினால் என்ன? 2010இல் சுவிற்சர்லாந்தின் எம்பா ஆய்வகமும் ஜேர்மனியின் மைன்ஸ் மாக்ஸ் பிளாங்க் நிறுவனமும் சேர்ந்து அதைச் செய்து காட்டின. பொருத்தமான மூலக்கூறுகளைத் தங்கப் பரப்பில் தூவிச் சூடாக்க, அவை கோத்துக்கொண்டு நாடாவாகின. முதலில் ஆம்செயார், 2016இல் சிக்சாக். ஓர் அணுகூடத் தவறாத ஓரம். பிளாஸ்மா அதற்குக் கிட்டவும் வராது, இதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அந்த நாடாக்கள் தங்கத்தின்மேல் வளர்கின்றன. தங்கம் கடத்தி என்பதால் மின் அளவீட்டுக்கு அவற்றைப் பெயர்த்து வேறிடத்தில் வைக்க வேண்டும். நீளமும் பெரும்பாலும் பத்துக்கணக்கான நனோமீற்றர்தான். நாடா எங்கே கிடக்க வேண்டும் என்று நாம் சொல்லவும் முடியாது.

பெய்ஜிங் குழு 2011இல் காட்டிய வழியில் அந்த மூன்று தடையும் இல்லை. முதலில் முரட்டு ஒட்சிசன் பிளாஸ்மாவால் வேண்டிய இடங்களில் வட்ட ஓட்டைகளை வரிசையாகப் போடுகிறார்கள். பிறகு ஐதரசன் பிளாஸ்மா. வட்டங்கள் அறுகோணமாக விரிகின்றன. பக்கத்துப் பக்கத்து அறுகோணங்களுக்கு நடுவே எஞ்சும் கிரஃபீன் ஒரு நாடா. அதன் இரண்டு ஓரமும் பளிங்கு தானே தெரிவுசெய்த சிக்சாக் திசை. ஓட்டை வரிசையைப் பளிங்கின் திசைக்குப் பொருத்தி வரைவதும், ஐதரசனை எத்தனை நிமிடம் விடுவது என்பதும் நம் கையில். நாடாவின் அகலம் அந்த நிமிடங்களிலிருந்து வருகிறது.

இரண்டில் எதன்மேல் நம்பிக்கை என்று மாணவி கேட்டபோது நான் பிளாஸ்மா என்றுதான் சொன்னேன். மின்முனைகளுக்கு நடுவே, போரன் நைத்திரைட்டின்மேல், வேண்டிய இடத்தில் ஓரத்தை உண்டாக்கும் ஆற்றல் அதற்குத்தான் இருக்கிறது. இனி வேண்டியது, வெட்டி முடித்த ஓரம் வெளிக்காற்றைக் காணும் முன், அந்த வெற்றிடத்துக்குள்ளேயே மேலே இன்னொரு போரன் நைத்திரைட்டுப் படையை மூடி, ஐதரசன் பிடித்த காபன்களை அப்படியே காப்பது. அவள் அடுத்ததாகத் தொடப்போவதும் அதைத்தான்.